இரண்டாவது அடுப்பு

ஒரே வீட்டுக்கு இரண்டு ரேஷன் கார்டு வேண்டுமென்றால் இரண்டு அடுப்பு எரிய வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருக்கலாம், ஒரே கிணற்றில் நீர் இறைக்கலாம். உலை மட்டும் தனித்தனியாகக் கொதிக்க வேண்டும்.

இன்னொரு கார்டு இருந்தால் சர்க்கரையும் மண்ணெண்ணெயும் கூடுதலாக வரும் என்று அண்ணன்தான் சொன்னான். அவனுக்கு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. கல்யாணமாகாத தங்கை நான், பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன், அவன் மனைவி, குழந்தை ஒரு கார்டில். அம்மாவும் நானும் இன்னொன்றில். அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம்.

எனக்குச் சர்க்கரை பெரிதில்லை. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். நங்கை வந்ததிலிருந்து அம்மாவுக்குத் தலைவலி என்றால் அவள்தான் பற்றுப் போட வேண்டும். சந்தைக்கென்றால் அவள்தான் கூடப் போக வேண்டும். அம்மா என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த 'கண்ணு'கூட அவளுக்குப் போய்விட்டது. நான் வெறும் 'புள்ள' ஆனேன். அரசாங்கமே அம்மாவை என்னோடு சேர்த்து எழுதித் தருகிறது என்றால் வேண்டாம் என்பேனா?

பின்கட்டை அளந்து படம் வரைந்தேன். புகை போக ஜன்னல், விறகு வைக்க மூலை. அம்மாவுக்கு முழங்கால் வலி. தரையில் குந்த வேண்டாமென்று அவள் உயரத்துக்கு ஒரு மேடை, அதன்மேல் அடுப்பு. படத்தில் இருந்தபடியே கட்டவும் வைத்தேன். அரிசிப் பானை, குழம்புச் சட்டி, ஊதுகுழல், அஞ்சறைப் பெட்டி என்று எழுதி வைத்து, இரண்டு பேருக்கான அளவில் வாங்கினேன். துடைப்பம்கூடத் தனி.

மாசமாக இருந்த நங்கை வாசல் நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனம்மிணி, தனிக்குடித்தனம் நாங்க போறமா, நீங்க போறீங்களா?"

நான் சிரிக்கவில்லை.

விசாரிக்க வந்த சப்ளை ஆபீஸ்காரர் புது அடுப்பைக் குனிந்து பார்த்தார். கரி பிடிக்கவே இல்லை. அம்மாவிடம் கேட்டார்: "நேத்து இதுல என்னங்கம்மா சமைச்சீங்க?"

அம்மா யோசித்தாள். "நேத்து மருமக வெச்ச கொள்ளுப் பருப்புங்க."

"அத்தைக்கு நெனவில்லீங்க," நங்கை குறுக்கே வந்தாள். "ரெண்டு அடுப்பும் எரியுதுங்க. நேத்து அமாவாசைங்காட்டி எங்க பக்கம் சாப்புட்டாங்க."

எனக்காகப் பொய் சொல்லவும் அவள்தான் முந்திக்கொண்டாள்.

"நீ சும்மா இரு கண்ணு," என்றாள் அம்மா. "எதுக்குங்க பொய்? இந்தப் புள்ளைக்கு வெந்நி வெக்கத் தெரியாதுங்க. நா மருமக கையிலதான் திங்கறனுங்க. கடைசி வரைக்கும் அப்படித்தானுங்க."

அவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "அப்ப மிச்சம் நீங்க ஒருத்தர்தான். ஒத்த ஆளக் குடும்பம்னு எப்படீங்க எழுதறது?"

பழைய கார்டே நிலைத்தது. அதில் என் பெயர் கடைசி.

நங்கைக்கு இரண்டாவது பிரசவம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. பிள்ளை பெற்றவளுக்கு ஓயாமல் வெந்நீர் வேண்டியிருந்தது. உள் அடுப்பு போதவில்லை. பின்கட்டு அடுப்பு அன்றைக்குத்தான் முதன்முதலாக எரிந்தது. அம்மாதான் மூட்டினாள். நான் வாங்கிய ஊதுகுழலால், குனியாமல், நின்றபடியே ஊதினாள்.

"அளவு நல்லாத்தான் எடுத்திருக்கற, புள்ள," என்றாள்.