தூக்குவதற்கு ஆள்

பெரியப்பா இறந்த அன்று எங்கள் லயத்தின் பன்னிரண்டு வரிசைவீடுகளில் ஒன்பது பூட்டிக் கிடந்தன. புக்கிட் செலம்பாவை ஒட்டிய அந்தத் தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோதே சனங்கள் கிளம்பத் தொடங்கியிருந்தார்கள். இளவட்டங்கள் கூலிம் தொழிற்சாலைகளுக்குப் போக, பெற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். மிஞ்சியது நாங்களும் பெரியப்பா வீடும், சர்க்கரை வியாதியில் ஒரு காலை இழந்த முன்பு வேலை மேற்பார்த்த மண்டோரும்தான். பின் லயத்தில் மட்டும் ஆள் நிறைந்திருந்தது. அங்கே பங்களாதேஷ்காரர்களைக் குடிவைத்திருந்தார்கள்.

பெரியப்பாவுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. நம் பிழைப்பைப் பிடுங்க வந்தவர்கள் என்பார். எதிரே வந்தால் காறித் துப்புவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அவரைப் பார்த்து நானும் துப்பக் கற்றிருந்தேன்.

மூன்று நாள் மழையில் தோட்டத்துப் பாலத்தின் பலகைகள் பெயர்ந்திருந்தன. ஆள் நடக்கலாம், வண்டி ஏறாது. சவ வண்டி தார்ச்சாலையிலேயே நின்றுவிட்டது. அங்கே வரை பெட்டியைத் தோளில்தான் கொண்டுபோக வேண்டும். ஷிப்டை விட்டு ஓடிவந்திருந்த அண்ணன், பெரியப்பாவின் ஒரே மகன், கொள்ளிச்சட்டி ஏந்த வேண்டியவர். குருண் ஊரிலிருந்து வந்த உறவினர் இருவரும் தள்ளாதவர்கள். அப்பா வாசலில் நின்று ஆள்களை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு பெரியம்மாவிடம் குனிந்து, பின் லயத்து ஆள்களைக் கூப்பிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அவங்க கை பட்டா அவரு மனசு ஆறாது தம்பி," என்றாள் பெரியம்மா.

"வேற யாரு இருக்கா அண்ணி? நீங்களே சொல்லுங்க."

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சரியென்று தலையசைத்தாள்.

அப்பா என்னையும் கையைப் பிடித்து அழைத்துப் போனார். பின் லயத்து வாசலில் என்னை முன்னே நிறுத்தினார். இறந்துவிட்டார், தூக்க உதவுங்கள் என்று நான்தான் மலாயில் சொன்னேன். "பெரியப்பா சுடா மாத்தி. தோலோங் அங்காட்."

சமைத்துக்கொண்டிருந்தவர்கள் அடுப்பை அணைத்தார்கள். முகம் கைகால் கழுவி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு ஐந்து பேர் வந்தார்கள். அப்பாவோடு ஆறு.

சேறு முழங்கால்வரை இழுத்தது. பாலத்தில் அப்பாவுக்குக் கால் இடறியபோது, பின்னால் வந்த வயதில் மூத்தவர் பாரத்தை முழுக்கத் தன் தோளில் வாங்கிக்கொண்டார்.

தார்ச்சாலையில் பெட்டியை ஏற்றியதும் அப்பாவும் அண்ணனும் வண்டியில் ஏறிச் சுடுகாட்டுக்குப் போனார்கள். பின்னாலேயே வந்திருந்த என்னைப் பெண்பிள்ளை என்று அந்த ஐவரோடு திருப்பி அனுப்பினார்கள். வழியில் அந்த மூத்தவர் உடைந்த மலாயில் என்னோடு பேசினார். போன வருஷம் அவருடைய தகப்பனார் இறந்தாராம். இவரால் போக முடியவில்லை. ஊரில் வாலிபர்கள் எல்லோருமே வெளிநாட்டில். தூக்க ஆள் இல்லாமல் கிழவர்கள் சேர்ந்து தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனார்களாம்.

அதற்கு முந்தின வாரம்தான் ஆசிரியை உலகப் படத்தை விரித்து, எந்தெந்த நாட்டில் சனம் பெருகிக் கிடக்கிறது என்று காட்டியிருந்தார். உங்கள் நாட்டில் கால் வைக்க இடமில்லையாமே என்று அந்த மூத்தவரிடமே சொன்னேன். "ராமாய்," என்று ஒப்புக்கொண்டார். நிறைய பேர்தான்.

அம்மா பெரியப்பா வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஆள் பொய் சொல்கிறார் என்று அவளிடம் சொன்னேன். அவ்வளவு சனம் உள்ள ஊரில் ஒருவரைத் தூக்க ஆள் இல்லாமலா போகும்?