பார்க்காமல் போட்ட கையெழுத்து

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில் வீட்டுக்கு வந்து, உணவருந்தி, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொண்டு போகும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். இத்தகைய மலர்களில் மறைந்தவர் எப்போதும் சிரித்த முகமும் சினம் அறியாத மனமும் கொண்டவராக இருப்பார். அக்கா அப்படி இல்லை என்பது, முட்டிவலி என்று அவரிடம் போய் "முதல்ல எடையைக் குறை, அப்புறம் வா" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிய உங்களில் பலருக்குத் தெரியும். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பணிக்காலம் முழுவதும் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியவன் நான். வேறு நடை எனக்கு வராது.

அக்கா பிறந்தது மந்தைவெளியில். அம்மா எங்கள் சிறுவயதிலேயே தவறிவிட்டார். அப்பா தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் நின்றார். வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்பது கடையின் விதி. அதனால் 'நின்றார்' என்பதே பொருத்தமான சொல். அக்கா பள்ளியில் ஓட்டக்காரர். ஒரு மாவட்டப் போட்டிக்கு முந்தைய நாள் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. பயிற்சி ஆசிரியர் தைலம் தேய்த்து, "ஓடு, சரியாயிடும்" என்றார். ஓடினார். சரியாகவில்லை. அதன்பிறகு அவர் எந்தப் போட்டியிலும் ஓடவில்லை.

அந்த ஆசிரியரைப் பற்றி அக்கா குறை சொல்லி நான் கேட்டதில்லை. "அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கலடா" என்பார். அதற்காகவே இயன்முறை மருத்துவம் படித்து, மேற்படிப்பு படித்து, பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். விளையாட்டு வீரர்களுக்குக் காயம் வராமல் காக்கவும், வந்த காயத்தைத் தேற்றி மறுபடி களத்துக்கு அனுப்பவும் ஆட்களைத் தயார் செய்யும் படிப்பு ஒன்றை அங்கே தொடங்கினார். ஆரம்பத்தில் புல்வெட்டும் இயந்திரம் வைத்திருந்த அறைதான் துறை. இரண்டு கட்டில், ஓர் ஐஸ் பெட்டி. "கால் அமுக்கிவிடறதுக்கும் யூனிவர்சிட்டியாம்மா?" என்று பெரியப்பா கேட்டார். "ஆமா பெரியப்பா, நீங்க சேர்றீங்களா? வயசு வரம்பு தளர்த்தித் தரேன்" என்றார் அக்கா. திருமணம் செய்துகொள்ளவில்லை. அது குறித்து உறவினர்கள் உரிய அக்கறையுடன், உரிய இடைவெளிகளில் விசாரித்துவந்தார்கள்.

அதே படிப்புக்கு அவர் இயக்குநரானார். ஆனவுடன் ஒரு விதி கொண்டுவந்தார். காயம்பட்டுத் தேறிய வீரர் யாரானாலும், போட்டிக்குப் போகுமுன் சாக்பீஸ் கோட்டில் நின்று காயப்பட்ட காலால் மட்டும் தாவ வேண்டும். நல்ல காலாலும் தாவ வேண்டும். அக்கா தரையில் மண்டியிட்டு, டேப் வைத்து இரண்டையும் அளப்பார். முட்டியைத் தொட்டுப் பார்ப்பார். பிறகுதான் தகுதிப் படிவத்தில் கையெழுத்து. அதிகாரத்தைக் கீழே பகிர்ந்தளிக்கலாமே என்று நான் ஒருமுறை சொன்னேன். "கோட்டுல தாவுறது ஆளு. பார்க்கிறதும் ஆளாத்தான் இருக்கணும்" என்றார்.

இனி ரேவதி. அவள் கபடி ஆடுவாள். கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் பிறந்து, குடியிருப்பு இடிக்கப்பட்டபின் பெரும்பாக்கம் அடுக்குமாடியில் குடியேற்றப்பட்ட குடும்பம். தாய் நான்கு வீடுகளில் வேலை செய்பவர். முட்டித் தசைநார் அறுந்து அறுவைச் சிகிச்சை ஆன ரேவதியை, அக்கா ஏறக்குறைய ஓராண்டு பக்கத்திலிருந்து தேற்றினார். பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டி ஒன்று வந்தது. அதில் இறுதி ஆட்டம்வரை ஆடிச் சான்றிதழ் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல்துறை வேலைக்கு விண்ணப்பிக்கலாம். வயது வரம்பின்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

அதே வாரத்தில் படிப்பின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க அக்கா டெல்லியில் ஒரு குழுவின் முன் நிற்க வேண்டியிருந்தது. தகுதிப் படிவங்களோ அவர் திரும்புமுன்பே விளையாட்டு அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். என்ன செய்யலாம் என்று புறப்படுகிற அன்று காலை என்னிடம் கேட்டார். நான் சொன்னது இது: "வெத்துப் படிவத்துல கையெழுத்துப் போட்டு வெச்சுட்டுப் போ அக்கா. உங்க துறை உதவிப் பேராசிரியர் தாவச் சொல்லிப் பார்த்துட்டு நிரப்பிடுவார். எங்க ஆபீஸ்ல அதிகாரி முகாம் போனா இப்படித்தான்."

உண்மையிலேயே இப்படித்தான். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி வைக்காத அலுவலகத்தை நான் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. அக்கா சற்றுத் தயங்கினார். "விதி போட்டதே நான்டா" என்றார். "விதி போட்டவங்களுக்குத்தான் விலக்கு தர அதிகாரம்" என்றேன். இதை நான் புத்திசாலித்தனமாகச் சொன்னதாகவே அப்போது நினைத்தேன். டாக்ஸி வந்துவிட்டது. நின்றபடியே படிவங்களில் கையெழுத்துப் போட்டார்.

அரையிறுதி ஆட்டத்தில் ரேவதியின் அதே முட்டி மறுபடி போனது. உதவிப் பேராசிரியருக்கு அன்று வகுப்புகள் இருந்திருக்கின்றன. கையெழுத்து இருந்த படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டார். கோடு போடவில்லை, டேப் எடுக்கவில்லை. சான்றிதழும் போயிற்று, வேலையும் போயிற்று.

பல்கலைக்கழகத்திலிருந்து அக்காவுக்குக் குறிப்பாணை வந்தது. பதினைந்து நாளுக்குள் விளக்கம். விளக்கம் எழுதுவதில் எனக்கு ஈடு யாருமில்லை. நான்கு பக்கம் எழுதினேன். படிவம் நிரப்பியது உதவிப் பேராசிரியரின் பொறுப்பு என்றேன். முட்டி வீங்கியிருந்ததை மேற்படி வீராங்கனை மறைத்துவிட்டார் என்றேன். அது எனக்குத் தெரிந்த செய்தியல்ல, தேவைப்பட்ட செய்தி. அக்கா முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"இதுல ரேவதி எங்கடா?"

"மூணாம் பத்தி. மேற்படி வீராங்கனை."

"வீங்கியிருந்ததுன்னு உனக்கு யார் சொன்னா?"

"இல்லன்னும் யாரும் சொல்லலையே."

"கேட்டாத்தானே சொல்லுவா? கேக்க வேண்டியவ நான். நான் டெல்லியில இருந்தேன்."

தாளை வாங்கி மடித்து வைத்தார். தன் கையால் இரண்டு வரி எழுதினார்: 'வீராங்கனையைப் பார்க்காமல் கையெழுத்திட்டேன். அவர்மீதும் உதவிப் பேராசிரியர்மீதும் தவறில்லை.' இப்படி ஒரு விளக்கத்தை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. பதவி போய்விடும் என்றேன். போகட்டும் என்றார். விசாரணை நாளில் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யார் யோசனைப்படி வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டீர்கள் என்று உள்ளே கேட்டிருக்கிறார்கள். "என் யோசனைதான்" என்றிருக்கிறார். வெளியே வந்து இதை என்னிடம் சொல்லிவிட்டு, "காபி குடிக்கலாமா?" என்றார். நான் உள்ளே போய் மறுத்துச் சொல்லியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. காபி குடிக்கப் போனேன்.

இயக்குநர் பொறுப்பு அந்த உதவிப் பேராசிரியரிடம் போயிற்று. அக்கா ஓய்வுபெறும்வரை அவருக்குக் கீழே பாடம் நடத்தினார். பிரிவுபசார விழாவில் அவர் அக்காவை 'நம் துறையின் தூண்' என்றார். அக்கா கடிகாரத்தைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து பிடித்துப் பெரும்பாக்கம் போகத் தொடங்கினார். முதல் முறை நானும் உடன் போனேன். ரேவதியின் தாய் வாசலை மறித்து நின்றார்.

"இன்னா மேடம், இப்போ இன்னாத்துக்கு வந்துகினு கீறீங்க? இன்னும் எதுனா கையெழுத்து பாக்கி கீதா?"

அக்கா செருப்பைக் கழற்றப் போனார். அந்தத் தாய் விடவில்லை.

"எம்பொண்ணு போலீஸ் ஆவும்னு பில்டிங் பூரா சொல்லி வெச்சிருந்தேன். இப்போ படி ஏறவே அழுவுது. போங்க மேடம், வேலைக்கு நேரமாச்சு."

அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்த ஞாயிறும். எத்தனையாவது வாரத்தில் கதவு திறந்தது என்று எனக்குத் தெரியாது. நான் முதல் முறையோடு நின்றுவிட்டேன். திறந்தபிறகு, அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்து ரேவதிக்குப் பயிற்சி கொடுத்தார் என்று பின்னர் அறிந்தேன். ஓய்வுபெற்றபின்னும் அது நிற்கவில்லை. ரேவதி இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் சீட்டு எழுதும் இடத்தில் வேலை பார்க்கிறாள்.

சென்ற ஆண்டு அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு குழறிவிட்டது. அடையாற்றில் மருத்துவமனையில் இருந்த அந்தச் சில வாரங்களில் ரேவதி தன் விடுமுறை நாட்களில் வந்தாள். ஒருநாள் அக்கா அவளுடைய காலை நோக்கிக் கை நீட்டினார். "நல்லா கீது மேடம், ஒண்ணும் இல்ல" என்றாள். அக்கா முட்டியின்மீது கைவைத்து மடக்கச் சொன்னார். மடங்கியது, பாதிவரை. அக்கா கையை எடுக்கவில்லை. கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. நான் ஜன்னல் வழியே வாகனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுவாரம் அக்கா காலமானார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் உண்டு. இரவு பகல் பாராமல் அக்காவைப் புரட்டிப் படுக்கவைத்த செவிலியர்களுக்கும், கேட்காமலே கஞ்சி கொடுத்தனுப்பிய கீழ்வீட்டுத் தம்பதிக்கும், மைதானத்திலிருந்து நேராகச் சுடுகாட்டுக்கு வந்த பழைய மாணவர்களுக்கும் நன்றி. பெரும்பாக்கத்திலிருந்து வந்து அக்காவின் காலடியில் பூ வைத்துவிட்டு யாரிடமும் பேசாமல் போன அந்தத் தாய்க்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

ஒருவரைப் பெயர் சொல்லி எழுதினால் அச்சுக்குப் போகுமுன் அவரிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். அந்த முறைப்படி சென்ற வாரம் இந்தக் கட்டுரையை ரேவதியிடம் கொண்டுபோனேன். வெற்றுப் படிவம் பற்றிய பத்தி வந்ததும் நிமிர்ந்தாள்.

"அந்த ஐடியா உங்களுதா சார்?"

"ஆமாம்மா."

"மேடம் ஒரு தபா கூட சொல்லல."

"தெரியும்."

"எங்கம்மாகிட்ட நீங்களே போய் சொல்லிக்கோங்க. நான் சொல்லமாட்டேன்."

கடைசிவரை படித்தாள். தன் பெயரை நீக்க வேண்டாம், ஆனால் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது என்றாள். அவள் சொன்னதை அங்கேயே தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்: "முட்டி வீங்கித்தான் இருந்துச்சு சார். மேடம் தொட்டுப் பார்த்தா நிறுத்திருவாங்கன்னு தெரியும். அவங்க ஊர்ல இல்லன்னு கேட்டதும் எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. அதையும் போடுங்க."

அக்கா இருந்திருந்தால் இந்த வரிகளை அடித்திருப்பார். ரேவதி கேட்டுக்கொண்டபடி அச்சிட்டிருக்கிறேன்.