பதினெட்டு நாள் திறந்திருந்த டிரம்

சனத்நகரில் எங்கள் கம்பெனி கோக் அடுப்புகளை வடிவமைத்துக் கட்டிக் கொடுத்தது. நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டு எடுத்தால் கோக். இரும்பை உருக்கும் உலைகளுக்கு அதுதான் தீனி. பின்பக்கத் தகரக் கொட்டகையில் இருந்த சோதனை அடுப்பு இருபது வருடம் என் பொறுப்பில் இருந்தது. என்னைக் கேட்காமல் யாரும் அதன் கதவைத் தொட மாட்டார்கள். அதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பிறகு எங்கள் கம்பெனியில் வந்து சேர்ந்த இன்ஜினியர் அவன், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பம். சேர்ந்த இரண்டாம் வருடமே என் மேஜைக்கு வந்தான்.

"கரியை மேலேர்ந்து கொட்டுறதே நக்கோ, வேணாம் அண்ணாச்சி. நல்லா இடிச்சு, கெட்டியா ஒரு பாளமாக்கி, பக்கவாட்டுல உள்ள தள்ளுவோம். இடிச்சாப் போதும், நம்மூர் மட்டக் கரியைப் பாதிக்குப் பாதி கலந்தாலும் ஒட்டிக்கிடும். செலவும் கம்மி, புகையும் கம்மி."

அந்த முறையைப் பற்றி நானும் படித்திருந்தேன். படித்ததோடு சரி. அவன் எந்தக் கரியை எவ்வளவு சேர்ப்பது என்றே கணக்குப் போட்டு வந்திருந்தான்.

அதன் பிறகு முதலாளி நேராக அவன் மேஜைக்குப் போனார். என் மேஜையைக் கடக்கும்போது தலையை மட்டும் அசைப்பார். வீட்டிலும் அதே கதைதான். கிறிஸ்துமஸுக்குக் கலகலாப் பலகாரம் கொடுக்க வந்தவன் அரை மணி நேரம் அடுப்பைப் பற்றிப் பேசிவிட்டுப் போனான். என் மனைவி சொன்னாள்: "அவரு சொன்னா கரிகூடப் புரியுது. நீங்க இத்தனை வருஷமா சொல்றீங்க, எனக்கு இருமல்தான் வருது." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் அன்று கலகலாவைத் தொடவில்லை.

ஒரு வார்ப்பட ஆலைக்காரர்கள் அவனுடைய கலவையின் சோதனையைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. கோக் உறுதியாக வந்தால் ஆர்டர் அவன் முறைக்கு. கலவையைக் கொட்டகையில் ஒரு டிரம்மில் நிரப்பி, மூடியின் வளையத்தை இறுக்கிவிட்டு, அளவெடுக்க அந்த ஆலைக்குப் புறப்பட்டுப் போனான். அரைத்த கரி சூட்டிலும் காற்றிலும் கிடந்தால் ஒட்டும் குணம் போய்விடும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது.

மே மாதம். சாப்பாட்டு வேளையில் கொட்டகைக்குப் போனேன். வளையத்தைத் தளர்த்தி மூடியை நான்கு விரல் அகலம் நகர்த்தினேன். எதையும் கலக்கவில்லை, எதையும் எடுக்கவில்லை. பிறகு தினமும் போய், யாராவது மூடிவிட்டார்களா என்று பார்த்து வந்தேன். யாரும் மூடவில்லை.

சோதனை நாள் காலையில்தான் அவன் திரும்பினான். கொட்டகையிலிருந்து வேகமாக என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, மூடி விலகிக் கிடக்கு. நான் இறுக்குனதாத்தான் ஞாபகம். சோதனையைத் தள்ளிப் போட்டுருவோமா?"

"வந்தவங்க ஆபீஸ்ல உக்காந்திருக்காங்கப்பா. நேத்து யாராவது திறந்து பாத்திருப்பாங்க. ஒரு நாள்ல கரி கெட்டா போயிடும்? போடு."

என் அனுபவத்தை நம்பிப் போட்டான்.

மறுநாள் வெளியே தள்ளிய கோக் கையில் எடுத்ததுமே ரஸ்க் போல உதிர்ந்தது. முதலாளி அவனைப் பார்த்து, "கைக்கு?" என்று உருதுவில் ஒரே ஒரு 'ஏன்' மட்டும் கேட்டார்.

"மூடி சரியா இல்ல சார். என் தப்புதான்."

வந்தவர்கள் கார் ஏறிவிட்டார்கள். மூடியை மூடத் தெரியாதவனுடைய கலவையை எவன் வாங்குவான் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் கத்தினார். நான் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு மாதத்தில் அவன் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனிக்குப் போய்விட்டான். கோக் பக்கம் திரும்பவே இல்லை. அவன் சொன்ன முறையில் பிறகு பல ஊர்களில் அடுப்புகள் வந்தன. எங்கள் கம்பெனிக்கு அதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

லோத்குண்டாவில் அவன் வீடு என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி. அவன் கண்ணில் படக்கூடாது என்று பதினைந்து வருடம் வேறு கடையில் பால் வாங்கினேன். போன மாதம் அவன் வீட்டுக்கே போனேன். அவன் மனைவி டீ வைத்துவிட்டு உள்ளே போனதும், மூடியைத் திறந்து வைத்தது நான்தான் என்று சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

அவன் கேட்டான்: "எத்தன நாளு திறந்திருந்துச்சு?"

"பதினெட்டு நாள்."

"பதினெட்டா? ஒரு நாளுன்னுல்லா சொன்னிய!"

"ஆமா. பொய் சொன்னேன்."

"ஒரு நாளுல கரி அப்படிக் கெடாதே, அப்போ கலவைதான் தப்புன்னு இத்தன வருஷம்…" எழுந்து ஜன்னல் பக்கம் போனான். "ஹவ், ஆமா, அந்த வெயில்ல பதினெட்டு நாள்னா எந்தக் கரியும் உதிரத்தான் செய்யும். என் கலவை சரிதான்!"

உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டான். "ஏட்டி, இங்க வா. என் கலவை சரிதானாம்!"

என் மன்னிப்பு அவன் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். ஒரு அடுப்புக்காகவோ ஒரு கலவைக்காகவோ என் முகம் ஒருநாளும் அப்படி ஆனதில்லை. ஆறிய டீயைக் கையில் வைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கப் போன அந்த இடத்திலும், நான் அவன்மேல் பொறாமைப்பட்டேன்.