மாமா கேட்ட கோடு

நான் சிதம்பரத்தில் மண் ஆராய்ச்சி செய்கிறேன். எந்தக் காலத்திலோ கடலுக்கடியில் நிலம் குலுங்கி எழுந்த அலைகள் கரையில் என்ன விட்டுப்போயின என்று தேடுகிற வேலை. மண்ணைக் கிளற ஒரு சம்பளமா என்று வீட்டில் எல்லாருக்கும் கேலி.

கடலூரில் கடலோரத்தில் இருக்கும் பழைய வீட்டை ஒட்டி, அக்கா வீட்டுக்காரர் புது வீட்டுக்குக் கடைக்கால் தோண்டினார். ஈசானி மூலையில் பால் ஊற்ற என்னைக் கூப்பிட்டார்கள். சொம்போடு குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். குழியின் பக்கவாட்டில் மேலே ஒரு வெள்ளை மணல் வரி. அது சுனாமி கொண்டுவந்தது, எல்லாருக்கும் தெரியும். அதற்குக் கீழே கறுப்புக் களிமண். அதற்கும் கீழே இன்னொரு வெள்ளை வரி, இன்னும் தடிப்பாக.

"என்னா மச்சான், ஊத்து. நல்ல நேரம் போவுது."

"மாமா, இதுக்கு முன்னாடியும் கடல் உள்ள வந்திருக்கு போல."

"எப்போ?"

"சோதிச்சுப் பாத்தா தோராயமா சொல்லலாம்."

"அடுத்தது எப்போ?"

"அது தெரியாது. இது புயல் கொண்டாந்த மணலாவும் இருக்கலாம்."

மாமா குனிந்து அந்த வரியைத் தொட்டுப் பார்த்தார். எனக்குத்தான் எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது, என் படிப்பின் மேலேயே.

பழைய வீட்டுச் சுவரில் சுனாமித் தண்ணீர் நின்ற கறை இருக்கிறது. வெள்ளையடிக்கும்போது அதை மட்டும் விட்டுவிடுவார்கள். அதற்கு மேல் ஓர் அடி வைத்துப் பேஸ்மட்டம் எழுப்புவதுதான் எங்கள் தெரு வழக்கம். மாமாவும் அதே அளவைத்தான் சொல்லியிருந்தார்.

"கடல் என்ன, பழைய கறைய அளவு பாத்துக்கிட்டா வரும்?" என்று கத்திவிட்டேன்.

"கத்தாதடா," என்றாள் அக்கா. "எங்களுக்கு இருக்கிறது இந்த எடம்தான். வேற எங்க போறது?"

மாமா கொத்தனாரிடம் கரித்துண்டை வாங்கி என் கையில் வைத்தார். "நீ படிச்சவன். எம்மாம் ஒசரம்னு ஒரு கோடு போட்டுக் குடு. தூண் வச்சு அதுக்கு மேல கட்டிக்கிறேன்." கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று அந்த மணல் எனக்குச் சொல்லவில்லை. கறைக்கு முன்னால் நின்று கையை உயர்த்தினேன். எட்டிய இடத்தில் ஒரு கோடு இழுத்தேன். கொத்தனார் டேப் வைத்து அளந்துகொண்டார்.

இப்போது அக்கா முட்டி வலியோடு அத்தனை படியும் ஏறி இறங்குகிறாள். போன மாதம் எதிர்வீட்டுக்காரரும் வந்து அந்தக் கோட்டை அளந்துகொண்டு போனாராம். அது என் கை எட்டிய உயரம், அவ்வளவுதான் என்று நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.