பாசம் என்று சொன்ன பிறகு

கமலநாதன் இருபத்தாறு வருடமாக நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். பிரிக்பீல்ட்ஸில் வீடு, கொமுட்டர் ரயிலில் வேலைக்குப் போய் வருவார். சொன்ன சொல்லை ஒருநாளும் திருத்தியதில்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு.

அன்று சாட்சிக் கூண்டில் நின்றவர் கிள்ளானைச் சேர்ந்த தனலெட்சுமி. பிரசவத்தில் இறந்துபோன தங்கையின் மகள் வாணியை ஆறு வருடமாக வளர்த்தவர். மறுமணம் செய்து ரவாங்கில் குடியிருக்கும் அப்பா கிஷன், இப்போது மகளைக் கேட்டு வழக்குப் போட்டிருந்தார்.

பிள்ளைக்கு அப்பாவோடு 'அட்டாச்மென்ட்' இருக்கிறதா என்று கிஷனின் வக்கீல் ஆங்கிலத்தில் கேட்டார்.

"அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பாசம் இருக்காம்மா?" என்றார் கமலநாதன்.

"இல்லாம போகுமா சார்? பெத்தவராச்சே."

இருக்கிறது என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதும் வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் கமலநாதனுக்கு உறைத்தது. வழக்கில் தாக்கலான நலத்துறை அறிக்கையில் 'அட்டாச்மென்ட்' என்ற சொல், பயந்தால் குழந்தை யாரைத் தேடி ஓடும் என்பதைக் குறித்தது. தனலெட்சுமியோ கிஷனின் மனதைச் சொல்லியிருந்தார். ஆனாலும் அவர் அதைத் திருத்தவில்லை.

மதிய இடைவேளை விட்டார்கள். நீதிமன்றம் மறுபடி கூடியதும் எழுந்தார்.

"யாங் ஆரிஃப், காலையில் நான் மொழிபெயர்த்தது தவறு" என்றார் நீதிபதியிடம்.

வக்கீல் ஆட்சேபித்தும் நீதிபதி மறுபடி கேட்க அனுமதித்தார்.

"பயந்தா பிள்ளை யார்கிட்டம்மா ஒட்டிக்கும்?"

"என்கிட்டதான். அவங்க அப்பா வந்தாகூட என் பின்னாலதான் நிக்கும்." தனலெட்சுமி அவரையே பார்த்தார். "இதைக் காலையில ஏன் சார் இப்படிக் கேக்கல?"

அதையும் அவர்தான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். 

ஒரு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. வாணி அப்பாவிடம், வாரக் கடைசியில் பெரியம்மாவிடம். கிஷனின் வீடு, வேலை, புது மனைவியின் சம்மதம் எல்லாம் காரணங்களில் இருந்தன. அப்பாவின் பாசத்தைப் பெரியம்மாவே ஒப்புக்கொண்டார் என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியைத் தனலெட்சுமிக்குத் தமிழில் சொன்னபோது அவர் திட்டவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாளே, குடும்ப வழக்குகள் இனி வேண்டாம் என்று மேலாளர் வேலாயுதத்திடம் கமலநாதன் கேட்டுப் பார்த்தார்.

"தமிழுக்கு வேற ஆள் இல்ல லா, அண்ணே."

இன்றும் குடும்ப வழக்குகளுக்குப் போகிறார். சந்தேகம் வந்தால் நிறுத்தி, எந்த அர்த்தத்தில் என்று கேட்கிறார். வக்கீல்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ரவாங்கில் வாணியைப் பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்த்துவிட்டதாகக் கேள்விப்பட்டார். எப்படி இருக்கிறாள் என்று யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.