ஒன்பதாம் படுக்கைக்கு வந்த எழுத்து

இட்டுக்கட்டிச் சொல்கிறேன் என்று தோன்றினால் இப்போதே மூடிவைத்துவிடுங்கள். இது என் நாத்தனாருக்கு நடந்தது. பட்டப்பகலில், ஆள் நடமாட்டம் உள்ள ஆஸ்பத்திரியில். அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவள் சொன்னதையும், ஒரு வாரம் கழித்துத் தெரிந்ததையும்தான் சொல்கிறேன்.

அவள் புரோகிராமர். பேச முடியாத நோயாளிகளுக்காக ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். நோயாளி படுத்தபடி சின்ன கீபோர்டைத் தட்டுவார். தட்டியது கம்ப்யூட்டருக்குள் ஒரு மதிப்பாக, அதாவது சேமித்த சொல்லாக, போய் உட்காரும். நர்ஸ் மேஜையில் இருக்கும் திரையின் எழுத்து அந்த மதிப்போடு பிணைக்கப்பட்டிருக்கும். உள்ளே மாறினால் வெளியே தானாக மாறும். பிணைப்பை எடுத்துவிட்டால், அவர் விரல் தேயத் தட்டினாலும் திரையில் ஒன்றும் வராது.

மதியம் 2.10. கூப்பிட்டதால் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றவளைத் தலைமை நர்ஸ் வாவென்றுகூடச் சொல்லவில்லை. ஒன்பதாம் படுக்கை காலி, ஆனாலும் திரையில் அதற்கான கட்டத்தில் எழுத்து வந்துகொண்டே இருக்கிறது, இந்தச் சனியனைத் தூக்கிக்கொண்டு போ என்று எரிந்து விழுந்தாள்.

திரையில் ஒரே சொல். 'தண்ணி'.

பழைய மதிப்பு அழியாமல் இருக்கும் என்று நினைத்து உள்ளே பார்த்தாள். மதிப்பு காலி. ஒரு எழுத்துகூட இல்லை.

2.24. திரையில் 'தண்ணி தண்ணி'.

பிணைப்பை எடுத்தாள். புரோகிராமை மறுபடி ஓட்டினாள். கட்டம் வெறுமையானது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

2.31.

டக்... டக்...

பக்கத்து அலமாரிக்குள்ளிருந்து. ஒன்பதாம் படுக்கையின் கீபோர்டு அங்கேதான் இருந்தது. வயர் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு.

டக்... டக்... டக்...

பிணைப்பே இல்லாத திரையில் எழுத்து வந்தது. 'யார் அறுத்தது'

தலைமை நர்ஸின் முகம் வெளிறிப்போயிற்று. குரல் மட்டும் இறங்கவில்லை.

"ஒன்பதாம் படுக்கைக்காரரு ஓயாம தண்ணி கேட்டுட்டே இருந்தாரு. ரெண்டு நாளைக்கு திரையில வராம பண்ணுன்னு போன்ல சொன்னேன். பண்ணது நீதானே?"

என் நாத்தனாருக்கு நினைவு வந்தது. ஆமாம். போன மாதம். ஆபீசில் இருந்தபடியே புரோகிராமில் அந்தப் பிணைப்பு வரியை எடுத்தாள். மூன்றாம் நாள் திரும்பச் சேர்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

"அவரு இப்ப எங்க?"

"ரெண்டாம் நாளே உசிரு போயிடுச்சு."

டக்... டக்...

'நீ'

என் நாத்தனார் பிளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது.

டக்.

ஓடினாள். மாடிப்படி முடியும்வரை அந்தச் சத்தம் காதில் கேட்டதாம்.

ஒரு வாரம் கழித்து ஆபீசில் பழைய பதிவைத் திறந்தார்கள். அந்த இரண்டு நாளும் அவர் தட்டி, திரைக்கு வராமலே போனவை. நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். எல்லாம் 'தண்ணி'.

கடைசி வரி மட்டும் வேறு.

ஒரு பெயர். என் நாத்தனாரை வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர். எங்கள் குடும்பத்துக்கு வெளியே யாருக்கும் அது தெரியாது.

அவரை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.