அடைப்புக்குள் நாடு இல்லாத பெயர்

போர்நிறுத்தக் காலத்தில், யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி ஊர்காவற்றுறையில், என் வீட்டு முன்னறையில் கணினி வகுப்பு நடத்தினேன். நடத்தினேன் என்பது பெரிய வார்த்தை. கணினி ஒன்று, கதிரை ஆறு, மாணவர்கள் மழைக்கு ஒதுங்கினால் வருவார்கள். மிச்ச நேரத்தில் வெளிநாட்டிலிருக்கும் ஊராருக்காக ஒரு இணையத்தளம் செய்தேன்; ஊரில் இணைய இணைப்பு இல்லை, பக்கங்களை ஏற்ற யாழ்ப்பாணம் போகவேண்டும். அதில் அவர்கள் விரும்பிப் படித்தது மரண அறிவித்தல்களை மட்டுந்தான்.

பக்கங்களைச் சரிபார்க்க ஒரு நிரல் எழுதியிருந்தேன். திறந்த அடைப்புக்குறியை மூடாமல் விட்டாலோ, நிரப்பவேண்டியதை வெறுமையாக விட்டாலோ எத்தனையாம் வரியில் பிழை என்று அது சொல்லும். அந்தச் செய்திகளை எங்கள் பேச்சிலேயே எழுதினேன்: "பதினெட்டாம் வரி. திறந்ததை மூடேல்லை, அண்ணை." என் குடும்பம் முழுவதும் கனடாவில். அந்த வீட்டில் என்னை அண்ணை என்று கூப்பிட அது ஒன்றுதான் இருந்தது. ஆனாலும் நான் எழுதிய நிரலே என்னைக் குறை சொல்வதை எத்தனை நாள் கேட்பது? பிழையான வரி வந்தால் பேசாமல் அதைத் தூக்கிவிடும்படி மாற்றினேன். வீடு அமைதியானது.

பிறகு பக்கத்து ஊரான கரம்பொனிலிருந்து ஒரு அக்கா வந்தார். கடற்றொழில் செய்த கணவர் இறந்து மூன்றாம் நாள். நான் விவரம் கேட்டு எழுதி அச்செடுத்துக் கொடுத்த அறிவித்தலை விரல் வைத்துப் படித்தார்.

"மூத்தவன் லண்டன். மகள் பிரான்ஸ். தம்பி, என்ர கடைசிப் பொடியன் எங்க?"

"எழுதினனான் அக்கா."

"எழுதினனீரோ? தேப்பன்ர அறிவித்தலில பேரை விட்டா, பெத்தவளே அவனையும் செத்தவனாக்கிப்போட்டாள் எண்டெல்லோ சனம் சொல்லும்!"

தேடினேன். எங்கள் அறிவித்தலில் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் நாடு வரும். அது கட்டாயம் என்று நிரலுக்குச் சொல்லி வைத்திருந்தேன். போர்க்கால இடப்பெயர்வுக்குப் பிறகு யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போன அந்தக் கடைசி மகன் திரும்பவில்லை. எங்கே என்று தாய்க்கும் தெரியாததால் அடைப்பை வெறுமையாக விட்டிருந்தேன். நிரல் அதைப் பிழை என்று கண்டு, நான் சொன்னபடியே, சத்தமில்லாமல் பெயரோடு தூக்கிவிட்டது.

வியர்த்து வியர்த்து மாற்றினேன். பிழையிருந்தாலும் வரியைத் தூக்காதே, அறிவித்தலில் காட்டு, பிழையை எனக்கு மட்டும் சொல்லு. பெயர் வந்தது. திரையின் கீழே சின்ன எழுத்தில் செய்தியும் வந்தது.

"அதில என்ன எழுதியிருக்கு?"

வாசிக்க வெட்கமாக இருந்தது. "இருபத்திமூண்டாம் வரி. ஆள் எங்க எண்டு போடேல்லை, அண்ணை... இதை நிப்பாட்ட ஏலும் அக்கா, ஒரு நிமிசம்."

"வேண்டாம் தம்பி. கேக்கட்டும். இப்ப வேற ஒருத்தரும் அவனைப் பற்றிக் கேக்கிறேல்லை."

நிறுத்தவில்லை. தளத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அது கேட்டது. தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பக்கங்களை ஏற்ற யாழ்ப்பாண பஸ்ஸைப் பிடிப்பேன்.